சத்தம் முதலில், ஈரல் பிறகு

வெடிச் சத்தத்துக்கு மிரளும் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால் போதும், யோசனைகள் கேட்காமலே வந்து சேரும். "இழுத்துட்டுப் போங்க சார், நாலு நாள்ல பழகிடும்" என்பார் வாட்ச்மேன். "தடவிக் குடுக்காதீங்க, செல்லம் குடுத்தா பயம் ஏறும்" என்பார் எதிர்வீட்டு அம்மா. அவரிடமும் ஒரு நாய் இருக்கும். செல்லப்பிராணிக் கடைக்காரர் சொட்டு மருந்தையும் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் சட்டையையும் எடுத்து வைப்பார். பயிற்சியாளர் வெடிச் சத்தத்தை மொபைலில் போட்டுப் பழக்கச் சொல்வார். கால்நடை மருத்துவர்களில் சிலர் உடனே மாத்திரை எழுதுவார்கள், சிலர் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார்கள். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொல்வது வெட்டுகிறது. ஆகவே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

செல்லம் கொடுத்துக் கெடுத்த நாய்களின் கோளாறு இது என்ற எண்ணத்தை முதலில் கழித்துவிடலாம். பின்லாந்தில் 13,700 வளர்ப்பு நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டறிந்து 2020இல் வெளியான ஆய்வில், பதற்றம் சார்ந்த குணங்களில் முதலிடம் சத்த பயத்துக்குத்தான்: 32 சதவீதம். நார்வேயில் 17 இனங்களைச் சேர்ந்த 5,257 நாய்களை வைத்து 2015இல் வந்த ஆய்வு 23 சதவீதம் என்றது. இனத்துக்கு இனம் விகிதம் பெரிதும் மாறியது, ஆகவே பிறவிக் கூறும் இதில் உண்டு. 'ராஜபாளையம் போய் வெடிக்குப் பயப்படுமா' என்று மீசை முறுக்குவதற்கு இங்கே இடமில்லை. பிரிட்டனில் 2013இல் வெளியான ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. 'உங்கள் நாய்க்குச் சத்த பயம் உண்டா' என்று கேட்டபோது ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான் ஆம் என்றார்கள். நடுங்குமா, ஒளியுமா, குரைக்குமா என்று அறிகுறி அறிகுறியாகக் கேட்டபோது ஏறத்தாழ பாதி நாய்கள் அதில் சிக்கின. நாயின் பயத்தை வீட்டுக்காரரே பாதி நேரம் கவனிப்பதில்லை. ஓடினால்தான் பயம், உதட்டை நக்கிக்கொண்டு கொட்டாவி விட்டால் அது பயம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டுக்குள் வரும் பயமும் தெருவில் வரும் பயமும் ஒன்றல்ல. பெரும்பாலான அறிவுரைகள் இந்த வேறுபாட்டில்தான் சறுக்குகின்றன. வீட்டில் கட்டிலுக்கு அடியில் போகலாம், குளியலறையில் பதுங்கலாம். தெருவில் கழுத்தில் கயிறு, காலடியில் சுடும் தார், எந்தப் பக்கம் போவது என்பதை முடிவு செய்வது இன்னொருவர். சத்தமோ சொல்லிக்கொண்டு வருவதில்லை. தீபாவளியாவது நாள்காட்டியில் இருக்கிறது. சவ ஊர்வலத்தின் சரவெடி, கட்சித் தலைவரை வரவேற்கும் பத்தாயிரம் வாலா, கிரிக்கெட்டில் ஜெயித்ததற்காக மாடியிலிருந்து எறியப்படும் லட்சுமி வெடி, சைலன்சரைக் கழற்றிய புல்லட், லாரியின் ஏர்ஹாரன், கல்யாண மண்டப வாசலில் திடீரென்று அதிரும் பேண்டு என்று மற்றதெல்லாம் மூலை திரும்பும்போதுதான் தெரியும். நம் சட்டம் பட்டாசுக்கு விதித்திருக்கும் வரம்பே வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபல். நாய்க்கு நம்மைவிடக் கூர்மையான காது. ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியும் அதற்குக் கேட்கும்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு மூலையில் வெடி கேட்ட நாய் அடுத்த நாள் அந்த மூலையில் நிற்கும். அப்புறம் அந்தத் தெருவே வேண்டாம் என்னும். பிறகு கேட்டைத் தாண்டாது. கடைசியில் ஆணியிலிருந்து கயிற்றை எடுக்கும் ஓசைக்கே சோபாவுக்குப் பின்னால் போய்விடும். மணியோசைக்கு எச்சில் ஊறுவதை பாவ்லவ் காட்டிய அதே இணைப்புதான் இங்கே தலைகீழாக நடக்கிறது. வெடி மூலையோடு இணைகிறது, மூலை கயிற்றோடு இணைகிறது.

இனி வாட்ச்மேன் சொன்ன 'பழகிடும்'. மெல்லிய, எதிர்பார்க்கக்கூடிய, தீங்கற்ற ஓசைக்கு உயிரினங்கள் பழகும் என்பது உண்மைதான். மின்விசிறிச் சத்தத்துக்கு நாய் பழகுகிறது, ரயில்பாதை ஓரத்து வீட்டு நாய் ரயிலுக்குப் பழகுகிறது. ஓசை உரத்தும் திடீரென்றும் வந்து, ஓடவும் வழியில்லாதபோது அது எதிர்ப்பக்கம் போகிறது: ஒவ்வொரு முறையும் மிரட்சி கூடுகிறது. இழுத்துக்கொண்டு போனதில் எங்கள் நாய் அடங்கிவிட்டது என்பவர்கள் 1967இல் உளவியலாளர்கள் செலிக்மனும் மேயரும் நாய்களை வைத்து நடத்திய சோதனையை நினைத்துக்கொள்ள வேண்டும். தப்பிக்க வழியில்லாமல் மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்கள், பிறகு தப்பிக்க வழி திறந்தபோதும் முயலாமல் படுத்துக் கிடந்தன. பார்ப்பவர் கண்ணுக்கு அதுவும் அமைதிதான். இந்த யோசனையைத் தயங்காமல் தள்ளிவிடலாம்.

எதிர்வீட்டு அம்மாவின் கட்சிக்குக் கொஞ்சம் வலு உண்டு, ஏனென்றால் பல காலம் பயிற்சிப் புத்தகங்களே அப்படித்தான் சொல்லின. உட்காரும் நாய்க்கு பிஸ்கட் கொடுத்தால் உட்காருவது கூடுகிறதே, நடுங்கும் நாயைத் தடவினால் நடுக்கம் கூடாதா என்பது வாதம். உட்காருவது நாய் தேர்ந்து செய்யும் செயல். நடுக்கம் உடம்பில் நிகழ்வது. விருப்பமான ஒன்றைத் தொடர்ந்து கொடுத்துப் பயத்தைக் கூட்ட முடியும் என்பதற்குச் சான்று இல்லை. 2005இல் ஆய்வாளர்கள் டிரெஷெலும் கிரேஞ்சரும் இடியோசைப் பதிவைப் போட்டு, இடிக்கு அஞ்சும் நாய்களின் எச்சிலில் கோர்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை அளந்தார்கள். அது 207 சதவீதம் கூடியது. உரிமையாளர் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கும் அந்த ஏற்றத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. ஆகவே நாய் வந்து காலோடு ஒட்டினால் அணைத்துக்கொள்ளலாம், ஒதுங்கி நின்றால் வலியப் போய்த் தூக்கவேண்டாம். அந்த நேரத்து ஆறுதல் அடுத்த முறை வரும் பயத்தை அவிழ்க்காது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தடவல் தீங்கும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

பயிற்சியாளரின் ஒலிப்பதிவு முறைதான் இருப்பதில் கல்வித் தகுதி மிக்கது, ஆகவே அதைத்தான் அதிகம் குடையவேண்டும். அதன் வம்சாவளி சத்தத்திலேயே தொடங்குகிறது. 1920இல் உளவியலாளர்கள் வாட்சனும் ரேய்னரும் ஒரு குழந்தையின் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டி, வெள்ளெலியைக் கண்டால் அழ வைத்தார்கள். இன்று எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு அனுமதி தராது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் அதன் மறுபக்கத்தைச் செய்தார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் விருப்பமானதைத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டு முயலை அறையின் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். 1958இல் வோல்ப்பி இதை மனிதர்களுக்கான முறையான சிகிச்சையாக வகுத்து எழுதினார்; அதற்கு முன் அவர் பூனைகளை வைத்துத்தான் சோதித்திருந்தார். நாய்ப் பயிற்சியாளர் மொபைலில் வெடியைக் காதில் விழுந்தும் விழாத அளவில் போட்டு, நாய் நிம்மதியாக இருக்கையில் வாரக்கணக்கில் ஒலியைக் கூட்டிக்கொண்டு போவது இந்த வழியில் வந்ததே.

கொள்கையில் குறை இல்லை. அது கேட்கும் நிபந்தனைகள்தான் நம் தெருவில் நிற்காதவை. அளவு நம் கையில் இருக்கவேண்டும்; பயம் தொடங்கும் கோட்டுக்குக் கீழேயே இருக்கவேண்டும்; பயிற்சி நடக்கும் வாரங்களில் நிஜ வெடி குறுக்கிடக்கூடாது. முயலைக் கூண்டில் வைத்து நகர்த்தலாம், ஊர்வலத்தை நகர்த்த முடியாது. செவ்வாய்க்கிழமை பத்துச் சதவீத ஒலியில் அழகாகப் படுத்திருந்த நாய், புதன்கிழமை காலை முழு ஒலியில் சரவெடியைக் கேட்டால் அந்த வாரத்து உழைப்பு போயிற்று. சின்ன ஸ்பீக்கர் வெடியின் அடித்தொனியைத் தராது, நெஞ்சில் அறையும் அதிர்வைத் தராது, வெடிமருந்து வாடையையும் தராது. வீட்டுக் கூடத்தில் பதிவுக்குப் பழகிய நாய் தெருவில் அதையும் இதையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் ஷ்டெஃபனி ரீமர் 1,225 நாய் உரிமையாளர்களிடம் கேட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒட்டியே பேசுகிறது. ஒலிப்பதிவுப் பயிற்சி பயன் தந்தது என்றவர்கள் 55 சதவீதம். வெடிச் சத்தம் கேட்டவுடன் தீனி கொடுப்பது அல்லது விளையாடுவது பயன் தந்தது என்றவர்கள் 70 சதவீதத்துக்கும் மேல். உடம்பைத் தளர்த்தப் பழக்கும் பயிற்சிக்கு 69, மருத்துவர் எழுதிய மருந்துக்கும் 69. இறுக்கச் சட்டைக்கு 44. மூலிகை, ஹோமியோபதி, மலர் மருந்து, ஃபெரமோன், வாசனை எண்ணெய் எல்லாம் 27 முதல் 35க்குள்.

இந்த எண்களை அப்படியே தலையில் தூக்கிக்கொள்ள முடியாது. உரிமையாளர் தாமாகச் சொன்னவை அவை. ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு இல்லை. காசும் உழைப்பும் போட்டவர் பயன் இருந்தது என்று சொல்லத்தான் விரும்புவார். ஆய்வு பண்டிகை வெடியைப் பற்றியது, வாக்கிங்கைப் பற்றியதல்ல. எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு இது: சத்தத்துக்குப் பிறகு தின்ன முடிகிற நாய் ஏற்கெனவே லேசான பயமுள்ள நாயாக இருக்கலாம், மோசமாக மிரளும் நாய்க்காரர்கள் மருந்துப் பக்கம் போயிருக்கலாம். அப்படியானால் 70க்கும் 69க்கும் இடையே போட்டி வைப்பதே தப்பு. ஆனால் விரும்பிச் சொல்லும் சாய்வு மூலிகைச் சொட்டு வாங்கியவருக்கும் இருந்திருக்கும், அப்படியும் அவரிடமிருந்து வந்தது முப்பது சொச்சம்தான். வெறும் நம்பிக்கை எவ்வளவு தரும் என்பதற்கு அந்த முப்பதையே அளவுகோலாக வைத்துக்கொண்டால், எழுபது அதற்கு வெகு மேலே நிற்கிறது. சொட்டு மருந்துக் கடையை இந்த வாக்கியத்தோடு மூடிவிடலாம். சட்டை கேடு செய்யாது. சித்திரை வெயிலில் போட்டு நடக்காதவரை.

தீனி முறை தெருவுக்குப் பொருந்துவதற்குக் காரணம், அதற்குச் சத்தத்தின் மேல் அதிகாரம் தேவையில்லை. எப்போது வந்தாலும், எங்கிருந்து வந்தாலும், வந்த பிறகு செய்யவேண்டியது நம் கையில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் பலிக்கவில்லை என்கிறார்கள். தெருமுனையில் ஊர்வலம் தெரிகிறது, ஒருவர் சரவெடியை நீட்டி விரிக்கிறார். நாய்க்காரர் பதறிப்போய் உடனே பையிலிருந்து ஈரல் துண்டுகளை அள்ளி அள்ளிக் கொடுக்கிறார். நாய் தின்கிறது, வெடி அதிர்கிறது. நாய் என்ன கற்றது? கைநிறைய ஈரல் வந்தால் அடுத்து வெடி வரும் என்று. இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் ஈரலைக் கண்டாலே வாலை ஒடுக்கும். முதலில் சத்தம், ஓரிரு நொடியில் தீனி. இந்த வரிசையில்தான் முறையின் உயிர் இருக்கிறது.

தீனியும் வழக்கமான பிஸ்கட்டாக இருக்கக்கூடாது. வேகவைத்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்கி இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளலாம், உப்பு காரம் இல்லாமல். அது சத்தத்துக்கு மட்டுமே வெளியே வரவேண்டும். ஒழுங்காக நடந்ததற்கு ஈரல், உட்கார்ந்ததற்கு ஈரல் என்று இறைத்தால் சத்தத்துக்கும் ஈரலுக்கும் உள்ள முடிச்சு தளர்ந்துவிடும். நாய் ஏதாவது செய்து சம்பாதிக்கவேண்டியதும் இல்லை. குரைத்திருந்தாலும் துள்ளியிருந்தாலும் ஈரல் உண்டு. தெருவுக்குப் போகும் முன்பே வீட்டில் தொடங்கலாம்: குக்கர் விசில், கதவு அறைதல், பாத்திரம் விழுதல், மாடியில் நாற்காலி இழுபடுதல். பயமூட்டாத இந்தச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு போனால், திடீர் ஓசை கேட்டதும் தலை நம் பக்கம் திரும்பும் பழக்கம் வெடிக்கு முன்பே வேரூன்றிவிடுகிறது.

இனி நாய் தின்னாதபோது. சரவெடி அருகிலேயே வெடிக்கிறது. காது பின்னால் ஒட்டிப்போகிறது, கண்ணின் வெள்ளை தெரிகிறது, வயிறு தரையை நோக்கித் தாழ்கிறது, ஒரு முன்னங்கால் அந்தரத்தில் நிற்கிறது. மூக்கருகே வைத்த ஈரல் அதன் கண்ணிலேயே படவில்லை. வாயைத் திறந்து திணிப்பது வீண். பசிக்கு இடமில்லாத உடம்பில் பாடத்துக்கும் இடமில்லை. அங்கே செய்யவேண்டியது ஒன்றுதான்: வந்த வழியே திரும்பி வேகமாக விலகுவது, ஒரு மதில் சுவரையோ கட்டடத்தையோ இடையில் போட்டுக்கொள்வது. முதல் துண்டை வாயில் வாங்கும் தூரம் எதுவோ அதுவே அன்றைய எல்லை. பீட்டரின் முயல் கூண்டு நின்ற தூரமும் அதுதான். அங்கே முயலை நகர்த்தினார்கள், இங்கே நாயை நகர்த்துகிறோம். கழுத்துப் பட்டியை மட்டும் நம்பாமல் மார்போடு பிடிக்கும் ஹார்னஸையும் மாட்டவேண்டும் என்பதற்கும் இந்தத் தருணமே காரணம். மிரண்டு பின்வாங்கும் நாயின் தலை பட்டியிலிருந்து கழன்றுவர ஒரு நொடி போதும்.

கேட்டுக்கு வெளியே எந்தத் தூரத்திலும் தின்னாத நாய்க்கு என்ன வழி? அதற்கு மாத்திரைதான் முதல் படி. நம் ஊரில் அதைக் கடைசிப் படியாக வைத்திருப்பது பெருந்தவறு என்பது என் கணிப்பு. 'மருந்து கொடுத்தா நாய் மந்தமாயிடும்' என்ற அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அசிப்ரோமசின் என்ற மருந்து நாயைத் தள்ளாட வைக்கும், பயத்தைத் தொடாது. உள்ளே நடுங்கிக்கொண்டு வெளியே அசையாமல் கிடக்கும். சத்த பயத்துக்கு அதைத் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று நடத்தையியல் மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பயத்தையே குறைக்கும் மருந்துகள் வேறு வகை. சத்த மிரட்சிக்கென்றே டெக்ஸ்மெடிடோமிடின் பசை 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டிராசோடோன், அல்பிரசோலாம், காபாபென்டின் முதலியவற்றையும் மருத்துவர்கள் எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டு நாயின் சீட்டை வைத்தோ, தாத்தாவின் தூக்க மாத்திரையைப் பாதி உடைத்தோ கொடுப்பது இந்தப் பேச்சில் சேராது. மருந்து பயத்தைத் தின்ன முடிகிற அளவுக்குக் கீழே இறக்கும். மீதியை ஈரல் செய்யும். இரண்டும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல.

மாத்திரைக்கும் முன்னால் கைவைத்துப் பார்க்கவேண்டியது மூட்டும் முதுகும். 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வு, சத்தத்துக்கு அஞ்சும் 20 நாய்களைப் பார்த்தது. பத்து நாய்களுக்கு எலும்பு, தசை வலி இருந்தது. வலியுள்ளவற்றில் சத்த பயம் தொடங்கிய வயது சராசரியாக ஏறக்குறைய நான்கு ஆண்டு தள்ளியிருந்தது. திடுக்கிடும்போது உடம்பு விறைக்கிறது, விறைப்பில் வலி சுண்டுகிறது, வலி சத்தத்தோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். இருபது நாய்களை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாதுதான். ஆனால் ஐந்தாறு வயது வரை வெடியைக் கண்டுகொள்ளாத லாப்ரடார் திடீரென்று மிரளத் தொடங்கினால், பயிற்சியாளரைவிட முதலில் மருத்துவரைப் பார்க்க அந்த அளவு சான்றே போதும்.

யாரும் தொடத் தயங்கும் இன்னொன்று மிச்சம்: வாக்கிங்கையே நிறுத்துவது. நடை நாய்க்கு உரிமை என்றும் வளர்ப்பவருக்குக் கடமை என்றும் படித்து வந்தவர்களுக்கு இது கசக்கும். ஆனால் ஒவ்வொரு நடையிலும் மிரண்டு திரும்பும் நாய் அந்த நடையில் உடற்பயிற்சியைவிடப் பயத்தைத்தான் பயில்கிறது. கேட்டையே தாண்டாத நாய்க்குச் சில வாரம் தெருவை விட்டுவிடலாம். மொட்டை மாடியில் பழைய துண்டுகளுக்குள் தீனியை ஒளித்துவைத்து மோப்பம் பிடிக்க விடலாம், காரில் ஏற்றி ஊர் எல்லையில் ஆளில்லாத வெளிக்குக் கொண்டுபோகலாம். அடுக்குமாடிவாசிகளுக்குச் சிக்கல் வேறு. வெளியே போனால்தான் ஒன்றுக்கு என்று நாய் பழகியிருக்கும். பால்கனியில் புல்தட்டு வைத்துப் பழக்குவது சலிப்பூட்டும் வேலை, ஆனால் மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நடுங்கும் நாயை இழுத்துக்கொண்டு போவதைவிடச் சலிப்பு மேல். நேரத்தையும் மாற்றலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததை அடுத்து, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஒதுக்கினார்கள். ஊரில் பாதி நாய்கள் நடைக்குக் கிளம்பும் நேரமும் அதுவே!

ஒலிப்பதிவை முழுக்கத் தள்ளிவிட்டேனா என்றால், இல்லை. இன்னும் பயப்படத் தொடங்காத குட்டிக்கு அது பொருந்தும். முன்கூட்டியே பயிற்சி பெற்ற நாய்களுக்குப் பயம் குறைவாக இருந்ததை ரீமரின் இன்னொரு ஆய்வும் காட்டியது. குட்டிக்குப் பதிவு, வளர்ந்து மிரளும் நாய்க்கு ஈரல், ஈரலையும் மறுக்கும் நாய்க்கு மருந்தும் ஈரலும். அதுவரை தெரு வேண்டாம். இதுவே என் தீர்ப்பு.

பலித்ததா என்று பார்ப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். திடுக்கிடுவது நிற்குமா என்று காத்திருப்பவர் ஏமாறுவார். பின்னால் வெடி வெடித்தால் நாமே துள்ளுகிறோம். கற்ற பயம் அழிந்துபோவதும் இல்லை. அடங்கிய எதிர்வினை இடைவெளி விட்டுத் தானாக மீள்வதை பாவ்லவே தம் நாய்களிடம் கண்டிருக்கிறார், அதனால் மழைக்கால ஓய்வுக்குப் பின் பழைய மிரட்சி எட்டிப் பார்த்தால் எல்லாம் பாழ் என்று கைவிடவேண்டாம். துள்ளியதற்கும் மறுபடி மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடிப்பதற்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்பதைப் பாருங்கள். முன்பு வீடு திரும்பிய பிறகும் ஒரு மணி நேரம் நடுங்கியது, இப்போது அடுத்த மின்கம்பத்திலேயே மோப்பம் பிடிக்கிறது என்றால் முறை வேலை செய்கிறது. இரண்டு மாதம் வரிசை தவறாமல் செய்தும் அந்த இடைவெளி குறையவில்லை என்றால் ஈரலைக் கூட்டிப் பயனில்லை, மருத்துவரிடம் நேரம் கேளுங்கள்.